இல்லாத சந்து

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

நானும் அம்மாவும் குறைவில்லாமல் இருக்கிறோம். இரண்டாவதாக அறுவை செய்த கண்ணில் அம்மாவுக்கு நீர் வடிவது நின்றுவிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை. உன் கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது? லிப்டுக்கு எண்ணெய் போடும் அக்கறையில் பாதியையாவது அந்தப் பல்லுக்குக் காட்டு.

கடிதத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. அம்மாவோடு வழக்கம்போலப் போனில் பேசிக்கொள். ஆனால் நான் கட்டப்போகும் அணியைப் பற்றி இனி போனில் ஒரு சொல்லும் கிடையாது. போன வருடம் எங்கிருந்து கசிந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போனா, கம்ப்யூட்டரா, காற்றா? அதனால் காகிதம். நான் எழுதுவேன், நீ படிப்பாய், நடுவில் ஒட்டிய உறை. மூன்றாவது ஆள் கிடையாது.

நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், சொன்னால்தான் கொஞ்சம் ஆறுகிறது. நாம் ஆடும் வீடியோ கேமில் எந்த மான்ஸ்டருக்கு எந்தச் சக்திக்கல், எந்த அடி, எது யாருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று இரண்டு வருடம் நீல நோட்டில் எழுதி எழுதி ஆறு பேர் கொண்ட ஓர் அணியைக் கட்டினேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்ததால் போன ஜூனில் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. தொப்பிக்காரன் கொடுத்தான். உன்னோடு படித்தவன், என்னோடு ஜோடி சேர்ந்து ஆடியவன். அதே ஆறு, அதே கற்கள், அதே வரிசை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேடையில் சொன்னான்: "இது முழுக்க என் சொந்த மூளைங்க. தனியா உக்காந்து உருவாக்குனேன்." நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் கைதட்டியதால் நானும் தட்டினேன். அந்தக் கைதட்டல்தான் இன்னும் எரிகிறது.

வருகிற ஜூனில் அடுத்த போட்டி. விதி பழையதுதான். ஆளுக்கு ஆறு கொண்டுபோக வேண்டும். தொடங்குமுன் இருவருடைய ஆறும் திரையில் தெரியும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதில் நான்கை மட்டும் இறக்கலாம், களத்தில் ஒரு நேரத்தில் இரண்டு நிற்கும். மூன்றில் இரண்டு ஜெயித்தால் முடிந்தது. என் பழைய அணி ஒரே வாசல் வைத்த வீடு, அதன் சாவி இப்போது அவன் கையில். இந்த முறை வளைந்து கொடுக்கிற அணி வேண்டும். ஆறில் எந்த நான்கை எடுத்தாலும் குடும்பம் நடக்க வேண்டும். எந்த நான்கு வரும் என்று தெரியாமல் அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிய வேண்டும்.

எனக்கு நியாயம் கியாயம் ஒன்றும் வேண்டாம். அதே மேடையில் அவன் முகம் தொங்க வேண்டும். அதை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்க்க வேண்டும். உதவுவாயா?

இப்படிக்கு
உன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த விடுதிக்கு மின்சார பில்லைத் தவிர எதுவும் வந்ததில்லையாம். என் அறையில் இருக்கும் மற்ற இருவரும் காதல் கடிதம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அக்கா என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நான் சுகம். பல் குடைகிறது, பிடுங்கும் அளவுக்கு இல்லை. அம்மாவுக்குக் கண் சரியாகிவிட்டது என்று சொட்டு மருந்தை நிறுத்திவிடாதே. உன் மணிக்கட்டு எப்படி? ஆடும்போது கட்டிக்கொள்கிறாயா?

உன் கோளாறு எனக்குத் தெரியும். ஒன்றைப் பிடித்துவிட்டால் அதையே எல்லா ஆட்டத்திலும் முன்னால் நிறுத்துவாய். உன்னோடு ஒரு மாதம் ஆடியவனுக்குக் கூட உன் முதல் இரண்டு அடி மனப்பாடம் ஆகிவிடும். லிப்டில் நாங்கள் ஒரே கயிற்றை நம்பி யாரையும் ஏற்றுவதில்லை. ஐந்தாறு கயிறு போடுவோம். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். உன் ஆறும் அப்படி இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேலை தெரிந்திருக்க வேண்டும்: அடிக்கிறது தாங்கவும் வேண்டும், தாங்குகிறது விரட்டவும் வேண்டும்.

கரிவாலைச் சேர்த்துக்கொள் அக்கா. எல்லாரும் அதை நோஞ்சான் நரி என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் உயிர் குறையக் குறைய அதன் அடி பலமாகும். கடைசியில் தனியாக நின்றால்தான் அதன் அருமை தெரியும். சின்ன வயதில் எனக்கு ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? சுண்டு என்று பெயர் வைத்திருந்தேன். வீட்டுக்கு ஒரே விளையாட்டுக் கருவி, அதில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். சரி, அது எதற்கு இப்போது.

எங்கிருந்து கசிந்தது என்று தோண்டி என்ன ஆகப்போகிறது? விட்டுத்தள்ளு. ஜெயிக்கிற வழியைப் பார்ப்போம்.

அன்புடன்
தம்பி


மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டுதான் ஆடுகிறேன். அம்மாவுக்குச் சொட்டு மருந்து தினமும் மூன்று வேளை விழுகிறது, பாதி கண்ணில், பாதி கன்னத்தில். உன் பல் பற்றி அம்மா தினமும் கேட்கிறாள், நான் பொய் சொல்கிறேன்.

எங்கள் வரைபட அலுவலகத்தில் இந்த வாரம் ஒரே கொண்டாட்டம். எங்கள் நகர வரைபடத்தை வேறொரு கம்பெனி அப்படியே காப்பியடித்துத் தன் பெயரில் விற்றது. எங்கள் வழக்கம் உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஒவ்வொரு வரைபடத்திலும் இல்லாத ஒரு சந்து வரைந்துவைப்போம். பக்கத்துத் தெருவிலிருந்து முளைத்து ஒரு மதிலில் முட்டி நிற்கும். நிஜத்தில் போய்ப் பார்த்தால் சந்தும் கிடையாது, மதிலும் கிடையாது. அந்தச் சந்து அவர்கள் படத்திலும் இருந்தது! எங்கள் மேலாளர் சிரித்த சிரிப்பில் தேநீர் மேசையெல்லாம் சிந்தியது. "ரோட்டுல நடந்து பாத்து வரைஞ்சிருந்தா இந்தச் சந்து எப்படிய்யா கிடைச்சிருக்கும்?" என்று போனில் அவர்களையே கேட்டார்.

அணிக்கு வருகிறேன். நீ சொன்ன கயிறு எனக்குப் பிடித்தது. கல்மந்தியும் உப்புப்பல்லியும் உறுதி. மந்தி அடிக்கும், தேவைப்பட்டால் மற்றவர்களுக்குத் தடுப்பாக நிற்கும். பல்லி தாங்கும், சாகும்போது எதிரியின் வேகத்தைக் குறைத்துவிட்டுச் சாகும். கரிவால் வேண்டாம். நீ வைத்திருந்ததும் எனக்கு நினைவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். போன வருடம் அம்மாவின் முதல் கண் அறுவைக்கு நீ வந்திருந்தபோது நான்கு நாள் என் அறையில்தான் படுத்தாய். அலமாரியில் அந்த நீல நோட்டைப் பார்த்தாயா? அந்த நாட்களில் யாராவது வந்துபோனார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்ட் அடிக்கடி ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் கத்துகிறார்கள், வெளியே இருப்பவர்கள் எங்களைப் பார்த்துக் கத்துகிறார்கள். மூன்று வாரமாகப் பள்ளத்துக்குள் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. பல் இப்போது பரவாயில்லை, முதுகு வலியில் அதை மறந்துவிட்டேன். அம்மாவும் நீயும் சௌக்கியம்தானே?

சந்துக் கதையைப் படித்துச் சிரித்தேன். அறையில் இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டினேன்.

கல்மந்தி, உப்புப்பல்லி இரண்டும் நல்ல தேர்வு. மற்ற நான்கு என்ன? முழு ஆறையும் எழுதினால்தான் எது எங்கே இடிக்கிறது என்று சொல்ல முடியும். முக்கியமாக, உன் புதிய தந்திரம் என்ன? பழைய சேற்றாமை, இடிக்கொக்கு ஜோடியை அவன் விடமாட்டான். ஆமை முன்னால் நின்று அடி வாங்கும், கொக்கு பின்னாலிருந்து இடி இறக்கும். அவன் இப்போது தினமும் எட்டு மணி நேரம் பயிற்சி செய்கிறான், இரண்டு பேரை எதிரே உட்காரவைத்து மாறி மாறி. சாதாரணமாகப் போனால் அவனை அசைக்க முடியாது. சீக்கிரம் எழுது.

அன்புடன்
தம்பி


ஏப்ரல் 18

அன்புத் தம்பிக்கு,

முதுகுக்கு வெந்நீர்ப் பை வை. குனிந்து தூக்காதே, உட்கார்ந்து தூக்கு. அம்மா நலம். இன்று காலை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தத் தொப்பிக்காரனை விட்டுத் தொலையேன்டி. ஒரு பொம்மை விளையாட்டுக்கு இவ்வளவு ஆத்திரமா?" என்றாள். ஆத்திரம் விளையாட்டுக்கு இல்லை என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. நான் பெற்றதை ஒருவன் தூக்கிக்கொண்டு போய்த் தன் பிள்ளை என்று ஊருக்குக் காட்டினான். வேறு எப்படிச் சொல்வது?

அவன் எட்டு மணி நேரம் ஆடுகிறான் என்று உனக்கு யார் சொன்னது?

முழு ஆறு இதோ: கல்மந்தி, உப்புப்பல்லி, பனிமூக்கன், முள்வவ்வால், பஞ்சுமுயல். ஆறாவது இன்னும் முடிவாகவில்லை, அநேகமாக என் பழைய சேற்றாமையே.

இப்போது தந்திரம். இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். பயிற்சியில்கூட இதை யாரிடமும் ஆடிக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். பஞ்சுமுயலுக்கு உறக்கத்தூள் கொடுத்திருக்கிறேன். அதை வீசினால் எதிரே நிற்கும் இரண்டும் ஒரேயடியாகத் தூங்கிவிடும். ஆமை தூங்கினால் தடுப்பு போச்சு, கொக்கு தூங்கினால் இடி போச்சு. அப்புறம் என் மந்தி ஒவ்வொன்றாக மொத்தும். இதற்கு ஒரே மாற்று ரீங்காரி. கொசு காதில் கத்தினால் யாருக்குத் தூக்கம் வரும்? அது களத்தில் இருந்தால் அதன் பக்கம் யாரும் தூங்க மாட்டார்கள். ஆனால் ரீங்காரிக்கு வேறு எந்தப் பயனும் இல்லை, தட்டினால் செத்துவிடும். புத்தியுள்ளவன் எவனும் போட்டிக்கு அதைக் கொண்டுவர மாட்டான். அதனால்தான் தைரியமாக இருக்கிறேன்.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு தேவலை. உன் வெந்நீர்ப் பை யோசனை நன்றாகக் கேட்கிறது. அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உறக்கத்தூள்! அக்கா, நீ உண்மையிலேயே பயங்கரமான ஆள். படித்ததும் எழுந்து அறைக்குள் நடந்தேன். இப்படி ஒரு யோசனை யாருக்கும் வராது.

ஆனால் ஒன்று: எந்த ஆட்டத்தில், எப்போது முயலை இறக்குவாய்? முதல் ஆட்டத்திலேயே காட்டிவிட்டால் அடுத்ததில் உஷாராகிவிடுவான். கடைசி வரை ஒளித்துவைத்தால் அதற்குள் தோற்றும் போகலாம். வரிசையை முடிவு செய்து எழுது, நான் யோசித்துச் சொல்கிறேன். இப்போதே பதில் போட்டால் இந்த வாரத்துக்குள் கிடைத்துவிடும்.

அன்புடன்
தம்பி


மே 12

அன்புத் தம்பிக்கு,

அம்மா நலம், புதுக் கண்ணாடி போட்டாயிற்று. முதல் நாளே வீட்டில் இருக்கும் ஒட்டடையை எல்லாம் கண்டுபிடித்து என்னைத் திட்டினாள். எனக்கு மணிக்கட்டு நன்றாக இருக்கிறது, மனசுதான் அவ்வளவு நன்றாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

எட்டு மணி நேரம் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நோட்டைப் பற்றியும் எழுதவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய்.

வரிசை கேட்டாய். முதல் ஆட்டத்தில் முயல் வெளியே வராது. அவனுக்குத் துளிர்விடட்டும். இரண்டாவது ஆட்டத்தில் முதலிலேயே பஞ்சுமுயலும் கல்மந்தியும். அவன் ஆமையும் கொக்கும் கண்ணைத் திறக்குமுன் தூக்கம். மூன்றாவது தேவைப்பட்டால் திரும்பவும் முயல்தான்.

இவ்வளவுதான் என் கையில் இருப்பது. எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டிவிட்டேன். போட்டிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தம்பி, உனக்கு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் போட்டிக்கு முன்னால் சொல்லிவிடு. எதுவாக இருந்தாலும் சரி. நான் கத்துவேன், இரண்டு நாள் பேசாமல் இருப்பேன், அப்புறம் அம்மா நடுவில் வந்து பேசவைத்துவிடுவாள். எப்போதும் அப்படித்தானே.

அன்புடன்
அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பல்லைப் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சோடு எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லாதே, பதறுவாள்.

போட்டிக்கு வரலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கென்று ஒரு மருத்துவமனை லிப்டுக்கு ஆய்வு வைத்திருக்கிறார்கள். விடுப்புத் தர மாட்டார்கள்.

உன் கடைசிக் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடிதத்தில் சரியாக வராது. நேரில் வரும்போது சொல்கிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

நன்றாக ஆடு. கையை அழுத்திப் பிடிக்காதே.

தம்பி


ஜூன் 16

அன்புத் தம்பிக்கு,

பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டதா? அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் சுகமாக இருக்கிறாள், கோப்பையைச் சமையலறையில் கரண்டி போட்டுவைக்கலாமா என்று கேட்கிறாள். ஆமாம், கோப்பை நம் வீட்டில் இருக்கிறது.

முழுதாகச் சொல்கிறேன். இருவருமே மற்ற எல்லாரையும் தாண்டி இறுதிக்கு வந்துவிட்டோம். காலையில் ஆடிய அணியை இறுதிக்கு முன் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம் என்பது விதி. மண்டபத்தில் குளிர்சாதனம் நேராக என் கழுத்தில் ஊதியது. காதில் மாட்டிய ஹெட்போனில் எவனுடைய தலை எண்ணெயோ மணத்தது. தொப்பிக்காரன் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்னக்கா, கை சரியாயிடுச்சா?" என்றான். எவ்வளவு மரியாதை!

திரையில் இரண்டு ஆறும் வந்தன. அவன் பக்கம் சேற்றாமை, இடிக்கொக்கு, நான் எதிர்பார்த்த இன்னும் மூன்று. ஆறாவதாக ரீங்காரி.

மண்டபமே சிரித்தது. வர்ணனை செய்தவர், "இறுதிப் போட்டிக்குக் கொசுவா? இதுல என்ன கணக்குன்னு தெரியலையே!" என்றார். அந்தக் கணக்கு அவனைத் தவிர எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். பட்டனே கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் ஆட்டத்தைச் சின்னப்பிள்ளைபோல ஆடித் தோற்றேன். நான் பயந்து தோற்றேன் என்று அவன் நினைத்திருப்பான். நான் பயப்படவில்லை. ரீங்காரி வரக் கூடாது, வரக் கூடாது என்று இரண்டு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தேன். அது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஆட்டத்தில் அவன் முதலிலேயே ரீங்காரியை இறக்கினான். என் பக்கம் முயல் இல்லை. மந்தியும் வவ்வாலும் நின்றன. மந்தி ஒரு தட்டுத் தட்டியது, கொசு போச்சு. நான்கு பேரோடு வந்தவன் மூன்றாகிவிட்டான். மூன்றுக்கு நான்கு என்றால் என் கை தூங்கினாலும் ஜெயிக்கும். ஜெயித்தேன். மூன்றாவதில் அவன் முகத்தைப் பார்த்தேன். முயல் இன்னும் வரவில்லை, இப்போதாவது வருமா வராதா என்று கண் அலைந்தது. கொசுவை விட அவனுக்கு மனசு வரவில்லை. மறுபடி இறக்கினான். மறுபடி ஒரு தட்டு. இருந்தாலும் கெட்டிக்காரன், கடைசியில் அவனிடம் கொக்கு மட்டும், என்னிடம் என் ஆறாவது மட்டும். நீ சொன்ன கரிவால். நூல் அளவு உயிர். ஒரே அடி. நீ சொன்னது சரிதான், தனியாக நின்றால்தான் அதன் அருமை தெரிகிறது.

பஞ்சுமுயல் மூன்று ஆட்டத்திலும் வெளியே வரவே இல்லை. அதற்கு உறக்கத்தூளே நான் கொடுக்கவில்லை.

மேடையில் மைக்கை நீட்டி, "இந்த டீமை எப்படி உருவாக்குனீங்க?" என்று கேட்டார்கள். ஒரு வருடமாக அந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன். "என் தம்பிக்கு லெட்டர் எழுதி எழுதித்தான் உருவாச்சு. அவன் இல்லன்னா இன்னைக்கு இது நடந்திருக்காது. எல்லாப் பெருமையும் அவனுக்குத்தான்." தொப்பிக்காரன் மேடைக்குக் கீழே நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஒரு வருடம் காத்திருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான்.

உனக்கு உடனே சொல்ல வேண்டும் என்று ஓடி வந்து எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

அன்று தொப்பிக்காரன் போனில் கூப்பிட்டது என்னைத்தான். உனக்குத் தெரிந்திருக்கும். "அக்காவும் தம்பியும் சேந்து என்னைக் குரங்காட்டம் ஆடவச்சிட்டீங்க" என்றான். நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். என் சத்தியத்துக்கு அவனிடம் என்ன மரியாதை இருக்கும்? அக்காவை விற்றவன்தானே. அவன் குழுவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டான். இந்த ஊரில் என்னோடு இனி யாரும் ஆட மாட்டார்கள்.

நீல நோட்டைப் போட்டோ எடுத்தது நான்தான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது. உன் கடிதங்களை அவனுக்குக் காட்டவில்லை, வாயால்தான் சொன்னேன். அது கொஞ்சம் குறைந்த துரோகம் என்று நினைத்துக்கொண்டேன். மே மாதம் நீ எழுதியதைப் படித்தபோது சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஜூன் கடிதத்தில் எழுதி அடித்தேன், வேறு காகிதத்தில் திரும்ப எழுதினேன். சந்துக் கதையை மார்ச் மாதமே எழுதியிருந்தாய். நான் சிரித்தேன் பார்.

ஏன் செய்தேன் என்று கேட்க மாட்டாய், அதனால் நானே சொல்கிறேன். அந்த நோட்டில் பாதி என் யோசனை. ஆமையை முன்னால் நிறுத்து என்று போனில் சொன்னது யார்? நோட்டில் உன் பெயர் மட்டும் இருந்தது. வீட்டில் நான் எப்போதும் "ஏய், அதை எடு". அவன் குழு பயிற்சி செய்யும் இடத்தில் நான் போய் நின்றால் நாற்காலி போட்டு "மாஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். ஒரு சொல்தான். அதற்காகச் செய்தேன்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு ஒன்பது வயது. சுண்டுவை ஏழு மாதம் வளர்த்தேன். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் உள்ளே உன் ஆட்டம், உன் பெயர். "தெரியாம அழிஞ்சிடுச்சு" என்றாய். அம்மா உன் பக்கம். எனக்கு நினைவில்லை என்று மார்ச்சில் எழுதினாயே, அதைப் படித்ததும் மனசு கல்லாகிவிட்டது. அடுத்து எழுதியதெல்லாம் அந்தக் கோபத்தில்தான்.

போட்டி வீடியோவை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். அம்மாவிடம் மட்டும் சொல்லாதே.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

உன் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் விசாரிக்கவில்லை. மறந்துபோய் இல்லை.

அம்மாவிடம் சொல்ல மாட்டேன். உனக்காக இல்லை. அவள் கண் இப்போதுதான் சரியாகியிருக்கிறது.

உன் கடிதம் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை. அவன் முகம் தொங்கியதைப் பார்த்தேன், உன்னுடையதை இந்தக் காகிதத்தில் பார்த்தேன். மைக்கில் உன்னைப் புகழ்ந்தபோது என்ன நடக்கும் என்று தெரிந்துதான் புகழ்ந்தேன். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து எதுவும் இறங்கவில்லை.

ஆமையை முன்னால் நிறுத்தச் சொன்னது நீதான். நோட்டில் உன் பெயரையும் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அது என் தப்பு.

சுண்டு தெரியாமல் அழியவில்லை. அந்த வாரம் நீ என்னை மூன்று முறை தோற்கடித்தாய். மூன்றாம் முறை கைகொட்டிச் சிரித்தாய். மறுநாள் எனக்குப் பள்ளி விடுமுறை. கருவியை எடுத்து, "பழைய ஆட்டம் அழிந்துவிடும், சம்மதமா?" என்று அது கேட்டதற்கு, சம்மதம் என்று நான் தெரிந்தே அழுத்தினேன். இத்தனை வருடத்தில் முதன்முறையாகச் சொல்கிறேன்.

நினைவில்லை என்று உனக்கு எழுதியது பொய். அதே வாரம் ஒரு கரிவாலைப் பிடித்தேன். அலுவலக மதிய இடைவேளையில், பேருந்து நிறுத்தத்தில், அம்மாவுக்குச் சொட்டு மருந்து போட்டுவிட்டு அவள் கண்ணை மூடிப் படுத்திருக்கும் பத்து நிமிடத்தில், இப்படியே மூன்று மாதம் வளர்த்தேன். இந்த விளையாட்டில் பெயர் வைக்கலாம் அல்லவா? நீ வீடியோவைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கடைசியில் தனியாக நின்றபோது பெரிய திரையில் அதன் தலைக்கு மேல் "சுண்டு" என்று இருந்தது. ரீங்காரி வராமல் இருந்தால், போட்டி முடிந்த கையோடு ரயிலேறி உன் விடுதிக்கு வந்து, கோப்பையையும் சுண்டுவையும் உன் கையில் கொடுப்பதாக இருந்தேன். டிக்கெட்டும் எடுத்திருந்தேன். வரைபடத்தில் சந்து போடுகிறவர்கள் எல்லாரும் திருடன் அதில் பிடிபட வேண்டும் என்றுதான் போடுவார்கள். நானோ, நீ அதில் பிடிபடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு போட்டேன்.

இதோடு ஒரு சின்னப் பார்சல் வரும். போட்டியில் நான் ஆடிய கேம் கார்டுதான். மற்ற ஐந்தையும் விடுவித்துவிட்டேன். உள்ளே சுண்டு மட்டும் இருக்கிறது. இந்தக் கம்பெனிக்காரர்கள் இன்னும் திருந்தவில்லை, இப்போதும் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். சுண்டு வேண்டும் என்றால் என் பெயரிலேயே ஆடு. உன் பெயரில் ஆட வேண்டும் என்றால் புதிதாகத் தொடங்கு. சம்மதமா என்று அது கேட்கும். இந்த முறை நீயே அழுத்து.

அக்கா